தலைக்கு ஊத்தியாச்சா

"மஹ்விஷ்" என்று போனுக்குள்ளிருந்து கூப்பிட்டதும் ஜமீலுன்னிசா நறுக்கிக்கொண்டிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தாள். முந்தானையில் விரலைத் துடைத்து, மைக் படத்தைத் தொட்டு, மூக்கை லேசாகச் சுருக்கிக்கொண்டு, "உள்ளேன் அம்மா" என்றாள். மூக்கைச் சுருக்கினால்தான் பதினைந்து வயசுக் குரல் வரும் என்பது அவளுடைய சொந்தக் கண்டுபிடிப்பு. மறு நிமிஷம் மைக்கை அணைத்துவிட்டு மூச்சை விட்டாள். அரிசி டப்பாவில் சாய்த்து வைத்திருந்த போனில் கட்டம் கட்டமாகப் பெயர்கள் மட்டும் தெரிந்தன. முகம் என்று பார்த்தால் தமிழ் டீச்சர் சூடாமணி ஒருவருடையதுதான், அதுவும் பாதி நேரம் அவருடைய நெற்றியும் அதற்கு மேலே சுற்றும் மின்விசிறியும்தான். டீச்சர் அடுத்த பெயருக்குப் போய்விட்டார். இன்றைக்கும் பிழைத்தோம் என்று ஜமீலா மறுபடி வெங்காயத்தை எடுத்தாள்.

நிஜ மஹ்விஷ் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தாள். பீரோவுக்குப் பக்கத்தில் பாயைப் போட்டு, சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தூங்கவில்லை, அது ஜமீலாவுக்குத் தெரியும். மந்தைவெளி மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் மாடியில் ஒரே அறை, அதுதான் வீடு. அந்த வீட்டில் ஒருத்தி தனியாக இருக்க வேண்டுமென்றால் சுவரைப் பார்த்துப் படுப்பதை விட்டால் வேறு வழியில்லை. ஆனால் அதை ஒரு நாள் செய்யலாம், இரண்டு நாள் செய்யலாம். மாசக்கணக்கில் செய்தால் பெற்றவளுக்கு என்னவோ போல் இருக்காதா?

கொரோனாவுக்காகப் பள்ளிக்கூடத்தை மூடியபோது மஹ்விஷ் ஒன்பதாவது. பரீட்சை இல்லாமலே எல்லாரையும் பாஸ் போட்டுவிட்டார்கள். பத்தாவது போனிலேயே ஆரம்பித்தது. வீட்டில் இருந்த ஒரே டச் போனை ஜமீலாவின் புருஷன் ஷஃபியுல்லா மகளிடம் கொடுத்துவிட்டு, பட்டன் போனை எடுத்துக்கொண்டு தி.நகருக்குப் போனார். அங்கே ஒரு லேடீஸ் டெய்லர் கடையில் அவருக்கு வேலை. முதல் வாரம் மஹ்விஷ் தலை வாரி, யூனிஃபார்ம் போட்டு, துப்பட்டாவைப் பின் குத்திக்கொண்டுதான் போன் முன்னால் உட்கார்ந்தாள். யார் பார்க்கப் போகிறார்கள் என்று ஜமீலா கிண்டல்கூடச் செய்தாள். அப்புறம் ஒரு நாள் போனை அம்மாவின் கையில் கொடுத்துவிட்டுப் போய்ப் படுத்தவள்தான். கேட்டால் தலைவலி என்றாள். அடுத்த வாரம் கேட்டாலும் தலைவலி.

என்னதான் ஆயிற்று இந்தப் பெண்ணுக்கு? ஜமீலா அந்த முதல் வாரத்தை மனசுக்குள் எத்தனை தரம் திருப்பிப் போட்டுப் பார்த்திருப்பாள் என்று கணக்கில்லை. போன் வெளிச்சம் கண்ணைக் கெடுத்துவிட்டதோ? கண்ணு பட்டுவிட்டதோ? பள்ளிவாசலில் ஓதி வாங்கி வந்த தண்ணீரையும் கொடுத்துப் பார்த்தாயிற்று. அப்பா ஏதாவது கடிந்து சொன்னாரா? அவர் வீட்டில் பேசுவதே அபூர்வம். போன் கீழே விழுந்தது ஒரு நாள், அந்தப் பயமோ? அன்றைக்கு மஹ்விஷ் எதையோ சத்தமாக டீச்சருக்கு வாசித்துக்கொண்டிருந்தாள். ஜமீலா பக்கெட்டோடு பாத்ரூமிலிருந்து வந்து, "மஹ்வி, வயித்து வலி போச்சாடி? இன்னிக்கி தலைக்கு ஊத்திக்கினியா? ஊற வெச்சது அப்டியே பக்கெட்ல கீது, நீயே அலசிப் போட்டுடு" என்று மாசாமாசம் கேட்பதைத்தான் கேட்டாள். அந்தப் பெண் ஏனோ பதறிப்போய்ப் போனைத் தட்டிவிட்டது. ஜமீலாதான் எடுத்துத் துடைத்து, கண்ணாடி உடையவில்லை, வயிற்றில் பால் வார்த்தது என்றாள். அதற்குப் போயா இவ்வளவு? அப்பாவிடம் சொல்லவே இல்லையே.

வேறொரு வீடாக இருந்தால் படிப்பை அதோடு விட்டிருப்பார்கள். ஜமீலா புருஷனிடம் பேசுவது உருது, மகளிடம் பேசுவது தமிழ், கோபம் வந்தால் இரண்டும் கலந்து வரும். தமிழ் அவளுக்கு ஆதம்பாக்கத்தில் பிறந்து வளர்ந்து, எட்டாவது வரை படித்ததில் வந்தது. எட்டாவதோடு நிறுத்தியது யார், ஏன் என்பதெல்லாம் பழங்கதை. ஆனால் தன் பெண் பத்தாவதைத் தாண்டுவாள் என்பதில் மட்டும் அவள் குறியாக இருந்தாள். அதனால்தான் வகுப்புக் குழுவில் சூடாமணி டீச்சர், தொடர்ந்து வராதவர்கள் பள்ளியை விட்டு நின்றவர்களாகக் கருதப்படுவார்கள் என்று எழுதியதை இரண்டு தரம் எழுத்துக்கூட்டிப் படித்தாள். மறுநாள் காலை, மகளிடம் ஒரு வார்த்தை கேட்காமல், தானே போன் முன்னால் உட்கார்ந்து மூக்கைச் சுருக்கிக்கொண்டாள். மஹ்விஷ் சுவர்ப் பக்கமிருந்து திரும்பிப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. அதையே சம்மதம் என்று ஜமீலா எடுத்துக்கொண்டாள்.

போகப் போக அவளுக்கு அது பிடித்துவிட்டது என்பதை மறைப்பானேன். கணக்கு வந்தால் வெங்காயம் நறுக்குவாள், ஆங்கிலம் வந்தால் பாத்திரம் தேய்ப்பாள், தமிழ் வந்தால் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவாள். ஒரு நாள் டீச்சர் வினைத்தொகை நடத்தினார். ஊறுகாய் என்றால் ஊறிய காய், ஊறுகின்ற காய், ஊறும் காய் என்று மூன்று காலமும் அந்த ஒரே சொல்லுக்குள் மறைந்திருக்கிறதாம். ஜமீலா எழுந்துபோய் ஜாடியைத் திறந்து பார்த்துவிட்டு வந்தாள். இத்தனை வருஷம் எலுமிச்சங்காயை நறுக்கி உப்புப் போட்டவளுக்கு இதை யாரும் சொல்லவில்லையே என்று இருந்தது. "மஹ்வி, இது தெரியுமாடி ஒனக்கு?" என்று உற்சாகமாகக் கேட்டாள். அந்த முதுகு இன்னும் கொஞ்சம் சுவரை ஒட்டிக்கொண்டது.

வகுப்பில் அவளுக்கு இன்னொரு சந்தோஷமும் இருந்தது. வருகைப் பதிவு முடிந்ததும் ஓரத்தில் எழுத்துகள் வந்து விழும். பிள்ளைகள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்வது. டீச்சர் அதைத் திறந்து பார்ப்பதே கிடையாது. அவருக்குப் பாடம் நடத்துவதும் போனைப் பிடிப்பதுமே பெரும்பாடு. அங்கே கிரீஷ் என்று ஒரு பையன் தினமும் மஹ்விஷ் பெயரைப் போட்டு ஒன்று கேட்பான்: தலைக்கு ஊத்தியாச்சா? அவன் கேட்டதும் இன்னும் இரண்டு மூன்று பேர் அதையே கேட்பார்கள். கொரோனா வந்ததிலிருந்து வெளியே போய்வந்தால் தலைக்கு ஊற்றிக்கொள்ளாமல் யாரும் உள்ளே வரக்கூடாது என்பது அந்த வீட்டிலும் சட்டம்தான். ஷஃபியுல்லா கடையிலிருந்து வந்தால் வாசலிலேயே சட்டையைக் கழற்றுவார். பரவாயில்லை, பள்ளிக்கூடத்தில் நல்ல பழக்கம் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், ஒரு பிள்ளையை இன்னொரு பிள்ளை விசாரிக்கிறதே என்று ஜமீலா மனசு குளிர்ந்தாள். முதலில் கட்டை விரல் படத்தை அனுப்பினாள். பிறகு ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டி, 'ஊத்தியாச்சு, நீ?' என்று போட்டாள். உடனே கண்ணில் நீர் வரச் சிரிக்கிற மூஞ்சிகள் மேலிருந்து கீழ் வரை கொட்டின. வீட்டுக்குள் அடைபட்டுக் கிடக்கிற பிள்ளைகள், எதற்கெடுத்தாலும் சிரிப்பு. அவளும் ஒரு சிரிக்கிற மூஞ்சியைத் தேடிப்பிடித்துப் போட்டாள்.

நல்ல சேதியை எத்தனை நாள் மனசிலேயே வைத்திருப்பது? ஒரு மத்தியானம் சோறு போடும்போது சொல்லிவிட்டாள்.

"ஒன் கிளாஸ் பசங்க நல்ல பசங்கடி. அந்த கிரீஷுப் பையன் தெனம் ஒன்ன விசாரிக்கிறான்."

மஹ்விஷின் கை தட்டில் நின்றது. "இன்னா விசாரிக்கிறான்?"

"தலைக்கு ஊத்தியாச்சான்னுதான். அவன் மட்டுமா, எல்லாந்தான் கேக்குதுங்க."

"நீ இன்னா சொன்ன?"

"ஊத்தியாச்சுன்னேன். வேற இன்னா சொல்லுவாங்க?"

மஹ்விஷ் அம்மாவையே பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்தால் ஜமீலாவுக்குப் பழக்கம், அழுகை இருந்தாலும் பழக்கம். இது என்ன என்றே தெரியவில்லை. பெண் தட்டை அப்படியே வைத்துவிட்டுப் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்தியது. குழாய் ஓடும் சத்தம் நெடுநேரம் கேட்டது. லாரித் தண்ணீர் பிடித்து வைத்த தொட்டி, இப்படி ஓடவிடலாமா என்று கேட்க வாயெடுத்தவள் கேட்கவில்லை. வெளியே வந்தபோது மூஞ்சி கழுவியிருந்தது, கண் சிவந்திருந்தது.

"இனிமே பதில் போடாத அம்மி."

"ஏன்டி, கேக்குற புள்ளைங்களுக்கு பதில் சொல்லக் கூடாதா?"

"போடாதன்னா போடாத" என்று சொல்லிவிட்டு மஹ்விஷ் போய்ப் படுத்துக்கொண்டாள். ஜமீலா அவள் மிச்சம் வைத்த சோற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தான் எங்கோ எதையோ தப்பாகச் செய்துவிட்டோம் என்பது மட்டும் புரிந்தது. எங்கே, எதை என்பதுதான் தலைகீழாக நின்றாலும் பிடிபடவில்லை. அந்தப் பையனுக்கும் இவளுக்கும் ஏதாவதோ என்று ஒரு கணம் கெட்ட எண்ணம்கூட வந்து போனது. அதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

அந்த வாரமே டீச்சர் குண்டைத் தூக்கிப் போட்டார். வெள்ளிக்கிழமை வாய்மொழித் தேர்வு, மனப்பாடப் பாட்டைச் சொல்ல வேண்டும், கேமரா போட்டே ஆக வேண்டும். "பேர் மட்டும் வந்துண்டிருக்கு, ஆளைக் காணும். யார் இருக்கேள், யார் இல்லைன்னே தெரியாம சுவத்துக்கிட்ட பேசிண்டிருக்கேன் நான். முகத்தப் பாக்காம இனிமே யாரையும் வந்ததா எழுதறதா இல்ல" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, களைத்துப் போய்த்தான் சொன்னார். ஜமீலாவுக்கு அவரைப் பார்க்கவும் பாவமாக இருந்தது, தன்னை நினைத்தாலும் பயமாக இருந்தது. மூக்கைச் சுருக்கினால் குரல் மாறும், மூஞ்சி மாறுமா?

வெள்ளிக்கிழமை காலை ஷஃபியுல்லா கடைக்குக் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே உருதுவில் மெதுவாகச் சொன்னார், அவளை வற்புறுத்தாதே, பிடிக்கவில்லையென்றால் விட்டுவிடு, வீட்டில் மெஷின் சும்மாத்தானே இருக்கிறது, தைக்கக் கற்றுக்கொள்ளட்டும் என்று. அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்புதான் ஜமீலாவைக் கதிகலங்க வைத்தது. அவளை எட்டாவதோடு நிறுத்தியவர்களும் அன்பாகத்தான் நிறுத்தினார்கள். அவர் படியிறங்கியதும் மகளின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"ஒரு தபா மூஞ்சிய காட்டிட்டு வந்து படுத்துக்கோடி. பாட்டு ஒனக்குத் தெரிஞ்ச பாட்டுதான். நீ சொல்லிக்கினு இருந்தத நான் கேட்டுக்கீறேன்."

"முடியாது."

"எவனாச்சும் எதனா சொன்னானா? சொல்லு, நான் கேக்குறேன் அவன."

"நீ ஒண்ணும் கேக்காத. நீ கேட்டதே போதும்." சொன்ன வேகத்தில் மஹ்விஷ் உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு சுவரிடம், "சொன்னா நீ அழுவ அம்மி" என்றாள்.

நான் எதற்கு அழ வேண்டும் என்று ஜமீலாவுக்கு விளங்கவில்லை. நேரமாகிவிட்டது. கேமரா ரிப்பேர் என்று ஒரு பொய்யைச் சொல்லிப் பார்ப்போம், அல்லா விட்ட வழி என்று போனை அரிசி டப்பாவில் சாய்த்தாள். பெயர்கள் ஒவ்வொன்றாக வந்து கட்டத்தில் உட்கார்ந்தன. டீச்சர் வந்தார், எல்லாரும் தயாரா என்றார், அந்த 'ரா' முடிவதற்குள் அவர் கட்டம் இருண்டு காணாமல் போனது. டீச்சர் வீடு இருக்கும் மயிலாப்பூர் பக்கம் கரண்ட் போய்விட்டது போலிருக்கிறது.

டீச்சர் இல்லாத வகுப்பு எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது. ஒருவன் விசிலடித்தான், ஒருத்தி பாட்டுப் பாடினாள், யார் வீட்டிலோ நாய் குரைத்தது. அப்போது ஒருவன், "மச்சி, அதப் போடுடா" என்றான். "இரு இரு" என்றான் கிரீஷ். அவன் குரல் இப்படித்தான் இருக்குமா என்று ஜமீலா நினைப்பதற்குள் ஒரு பொம்பளையின் குரல் ஒலித்தது. கரகரவென்று, மூன்று தெருவுக்குக் கேட்கிற குரல். வயித்து வலி போச்சாடி என்றது. இன்னிக்கி தலைக்கு ஊத்திக்கினியா என்றது. வகுப்பே கொல்லென்று சிரித்தது. யாரிந்தப் பொம்பளை, இப்படியா தொண்டை கிழியக் கேட்பாள், அதுவும் வயசுப் பெண்ணிடம் என்று ஜமீலாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வாய்விட்டே சிரித்தாள். பின்னால் மஹ்விஷ் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டதை அவள் பார்க்கவில்லை. கிரீஷ் மறுபடி போட்டான், இந்த முறை முதலிலிருந்து. "மஹ்வி" என்று ஆரம்பித்தது அந்தக் குரல். அந்தக் குரலோடு பக்கெட் தரையில் இடிக்கிற சத்தமும் கேட்டது.

சிரிப்பு அவள் முகத்திலேயே கொஞ்ச நேரம் நின்றது, அதை எடுக்கத் தெரியவில்லை. போன் விழுந்த அன்றைக்கே எவனோ ரெக்கார்டு பண்ணி வைத்திருக்கிறான். தன் குரல் வெளியிலிருந்து வந்தால் இப்படியா இருக்கும்? ஓரத்தில் எழுத்துகள் விழுந்துகொண்டிருந்தன. தலைக்கு ஊத்தியாச்சா, தலைக்கு ஊத்தியாச்சா. அதற்குத்தான் அவள் தினமும் கட்டை விரலை அனுப்பினாள். ஊத்தியாச்சு, நீ என்று எழுதினாள். மகள் பெயரில் எழுதினாள். ஒவ்வொன்றாக அவளுக்கு இப்போதுதான் விளங்கியது. விளங்க விளங்க உடம்பு கூசியது. திரும்பிப் பார்த்தாள். மஹ்விஷ் முழங்காலை மார்போடு சேர்த்துச் சுருண்டிருந்தாள். இந்தப் பெண் இத்தனை நாளும் யாரிடமிருந்து எதைக் காப்பாற்றிக்கொண்டு படுத்திருந்தாள் என்பதும் அப்போதுதான் விளங்கியது.

ஜமீலா மைக் படத்தைத் தொட்டாள். மூக்கைச் சுருக்கவில்லை.

"டேய் கிரீஷு, அது நான்டா. நான்தான் கேட்டேன். அவ வாயே தொறக்கல, அவ புக்கு படிச்சிக்கினு இருந்தா. எனக்கு இந்தப் போன் சமாச்சாரம் தெரியாது. நம்ம வூட்ல நாம பேசுறோம்னு நெனச்சிக்கினு பேசிட்டேன். அந்தாண்ட இத்தினி பேரு கேட்டுக்கினு கீறீங்கன்னு யாருக்குத் தெரியும்? நீங்க கேட்டதுக்கெல்லாம் பதில் போட்டதும் நான்தான், அவ இல்ல. விசாரிக்கிறீங்கன்னு நெனச்சேன்டா. நல்ல புள்ளைங்கன்னு எம் பொண்ணுகிட்டயே சொன்னேன்." நடுவில் உருது வந்தது, அதைத் தள்ளிவிட்டு மறுபடி தமிழுக்கு வந்தாள். "எம் பேரு ஜமீலுன்னிசா. சிரிக்கணும்னா எம் பேரச் சொல்லிச் சிரிங்க. நான் ஒண்ணும் நெனச்சிக்க மாட்டேன். அவள வுட்டுடுங்க. அவ படிக்கணும்."

சொல்லிவிட்டு, யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று காத்திருந்தாள். மன்னிப்புக் கேட்பார்கள், இல்லாவிட்டால் இன்னும் சிரிப்பார்கள். இரண்டும் இல்லை. ஒருவன் இன்னொருவனிடம் பப்ஜி விளையாட எப்போது வருகிறாய் என்று கேட்டான். நாய் மறுபடி குரைத்தது. இப்படிக்கூட மனசு கல்லாகுமா பிள்ளைகளுக்கு என்று ஜமீலா திகைத்துப் போய்ப் போனையே பார்த்தாள். அதற்குள் டீச்சர் கட்டம் வந்துவிட்டது, நெற்றியும் மின்விசிறியுமாக.

"கரண்ட் போயிடுத்து. எல்லாரும் இருக்கேளா? சரி, ஆரம்பிக்கலாம். மஹ்விஷ், நீதான் தெனமும் ஒழுங்கா வந்துண்டிருக்கே, நீ மொதல்ல சொல்லு. கேமராவப் போடு." டீச்சர் கொஞ்சம் பொறுத்தார். "மஹ்விஷ்? என்னம்மா, மைக் அணைஞ்சிருக்கு பாரு."

ஜமீலாவுக்கு அது காதில் விழுந்தது, அர்த்தமாகவில்லை. தோளுக்குப் பின்னால் மூச்சுக் காற்று பட்டது. மஹ்விஷ் எழுந்து வந்திருந்தாள்.

"மைக் போடல அம்மி நீ."

"போட்டேனே. தொட்டேனே."

"சரியாப் படல. நீ பேசினது யாருக்கும் கேக்கல."

"அவ்ளோமுமா?"

"ஒண்ணுகூட" என்றாள் மஹ்விஷ். அவள் குரல் நடுங்கியது. அழுகிறாளா, சிரிக்கிறாளா என்று ஜமீலாவுக்குத் தெரியவில்லை. திரும்பிப் பார்க்கவும் துணிச்சல் இல்லை. அவ்வளவையும் சொல்லி ஒன்றுகூடப் போய்ச் சேரவில்லை என்பது நல்லதா கெட்டதா என்றும் தெரியவில்லை. ஒரு பக்கம் அப்பாடா என்று இருந்தது, இன்னொரு பக்கம் வயிறு எரிந்தது.

"மஹ்விஷ், கடைசித் தடவையா கூப்பிடறேன்" என்றார் டீச்சர்.

அம்மாவின் தோளுக்கு மேலாக மஹ்விஷின் கை நீண்டு வந்தது. வாரக்கணக்கில் எண்ணெய் காணாத அவள் கூந்தல் ஜமீலாவின் கன்னத்தில் உரசியது. போனின் அடியில் மைக் படம், கேமரா படம், வெளியே போவதற்கான சிவப்புப் படம் மூன்றும் அடுத்தடுத்து இருந்தன. விரல் அவற்றுக்கு ஒரு நூல் மேலே வந்து நின்றது. எதற்கு மேலே என்று ஜமீலாவின் கலங்கிய கண்ணுக்குத் தெரியவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு, நகம் கடித்துத் தேய்ந்த அந்த விரல் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.